பெயர் எழுதாத தாள்

2003 ஜூலை, ஒரு செவ்வாய்க்கிழமை. காலை 6.10 மணிக்கு நாகர்கோவிலில் பேருந்து ஏறினேன். திருவனந்தபுரம் தம்பானூருக்கு எழுபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. டிக்கெட் இருபத்தெட்டு ரூபாய். மடியிலிருந்த பையில் வினாத்தாள்கள். வளரிளம் பருவத்தினரின் உணர்வு நுண்ணறிவை நாடு நாடாக அளந்து ஒப்பிடும் ஆய்வு அது. வெளிநாட்டில் தயாரான நாற்பது கேள்விகளைத் தமிழில் எழுதியவள் நான். கேரளத்தில் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் எங்கள் கல்லூரியின் பங்கு.

8.40க்குத் தம்பானூரில் இறங்கினேன். நல்ல மழை. சாலை பஜாரைத் தாண்டியிருந்த தமிழ்வழிப் பள்ளிக்கு ஆட்டோவில் பத்து ரூபாய்.

பத்தாம் வகுப்பில் முப்பத்தொரு பேர். "பேர் எழுத வேண்டாம். நீங்க எழுதறத இங்க யாரும் பாக்கமாட்டாங்க" என்றேன். முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். ரேவதி என்று பக்கத்திலிருந்தவள் சொன்னாள்.

"டீச்சர், உணர்ச்சின்னா விகாரம்தானே?"

மலையாளத்தில் விகாரம் என்றால் உணர்ச்சி, தமிழில் அவலட்சணம். ஆமாம் என்று தலையசைத்தேன். எதை அளக்க வந்திருக்கிறோம் என்று அப்போதே லேசாகச் சந்தேகம் தட்டியது.

மாலை நான்கு மணிக்கும் மழை விடவில்லை. மீதிக் கேள்விகள் மறுநாளைக்கு. வகுப்பாசிரியை லீலா டீச்சர் அலமாரியைத் திறந்தார்.

"இதுல வெச்சிட்டுப் போங்க மேடம். வெறுதே நனைய வேண்டாம், கேட்டோ."

பிள்ளைகள் எழுதிய தாள்கள் இருந்த உறையை ஒட்டாமலேயே வைத்தேன். லாட்ஜ் அறை நூற்றைம்பது ரூபாய். நன்றாகத் தூங்கினேன்.

புதன், காலை 9.30. ரேவதியின் இடம் காலியாக இருந்தது. லீலா டீச்சர் என்னை வராந்தாவுக்கு அழைத்துப்போனார்.

"ஒரு தாள நான் படிச்சிட்டேன் மேடம். கையெழுத்து எனக்குத் தெரியுமல்லோ. பாவமாத் தோணிச்சு. நேத்தே அவ அப்பாவ வரச்சொல்லி, பிள்ளைக்கு ஆறுதலாப் பேசுங்கன்னு சொன்னேன். காலையில வந்து டி.சி. கேட்டுட்டுப் போனாரு."

தாளைக் கொடுத்தார். 'மனக்கஷ்டத்தை யாரிடமாவது சொல்வாயா?' என்ற கேள்விக்கு, 'ஒருபோதும் இல்லை' என்பதில் குறி. அதன்கீழே பென்சிலில்: 'அம்மா ஊருக்குப் போகவில்லை. வேறு ஒருவருடன் போய்விட்டாள். நாலு வருஷம் ஆகிறது. அப்பா சொல்லக்கூடாது என்றார். இப்போதுதான் முதல் தடவை சொல்கிறேன்.'

11 மணி. மீதிக் கேள்விகளை முடித்துவிட்டு, ரேவதி வீட்டு விலாசம் வாங்கிக்கொண்டு நடந்தேன். முக்கால் கிலோமீட்டர். ஒற்றை அறை வீடு. ரேவதியின் அப்பா இரும்புக்கடையில் லோடு இறக்குபவர், வள்ளியூர்ப் பக்கத்துக்காரர். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். தவறு என்னுடையது என்றேன். தாளைக் கிழித்துவிடுவதாகச் சொன்னேன்.

"கிழிச்சாப் போச்சா டீச்சர்? பள்ளிக்கூடத்துல தெரிஞ்சிட்டு. நாளைக்குக் கடையிலயும் தெரியும். அவ மேல கோவம் ஒண்ணும் இல்ல. எங்க அக்கா வீட்ல விட்டுரப் போறேன்."

"பத்தாங்கிளாஸ் பரீட்சை?"

"பாப்போம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

பின்னால் ரேவதி துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிச் சீருடையை மட்டும் தனியே ஒதுக்கியிருந்தாள். நான் கிளம்பியபோது வாசல்வரை வந்தாள்.

"யாரும் பாக்கமாட்டாங்கன்னு சொன்னீங்கல்லோ."

குரலில் கோபமே இல்லை. பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோல் இருந்தது.

"சொன்னேம்மா" என்றேன். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது கதவு சாத்தியிருந்தது.

4.15 பேருந்தில், மதிப்பெண் விதிகளை எடுத்துப் பார்த்தேன். துயரத்தைப் பிறரிடம் சொல்பவருக்கு முழு மதிப்பெண். ஒருபோதும் சொல்லாதவருக்குப் பூஜ்யம். ரேவதி தான் குறித்ததற்கு நேர்மாறாக, அதே தாளில் சொல்லியிருந்தாள். அதற்கு எவ்வளவு போடுவது என்று விதிகளில் இல்லை.

வீட்டுக்குள் நுழையும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. என் மகள் வீட்டுப்பாடத்திலிருந்து நிமிர்ந்தாள். அவளுக்கும் பதினைந்து வயது.

"என்னம்மா, முகம் ஒருமாதிரியா இருக்கு? பிள்ளைங்க சரியா எழுதலையா?"

"நல்லா எழுதினாங்க" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனேன்.