சம்பந்திக்குப் போன மாத்திரை

எழுபதுகளின் கடைசியில் கொடைக்கானலில் ஓர் ஆஸ்பத்திரியில் காசநோய்க்குப் புது மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சம்மதித்து வந்த நோயாளிகளுக்குச் சீட்டுப் போட்டு, பாதிப் பேருக்குப் புதிய சிவப்பு மாத்திரையும் மீதிப் பேருக்குப் பழைய வெள்ளை மாத்திரையும் கொடுத்தார்கள். வாராவாரம் வந்து வாங்கிப் போக வேண்டும். வராதவர்களைத் தேடிப் போய்க் கூட்டி வருவது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்குக் கிடைத்த வேலை.

ஆள் சேர்ப்பது பெரிய காரியமில்லை. இருமி ரத்தம் கண்டவன் எதற்கும் சரி என்பான். சேர்ந்தவனை நிறுத்தி வைப்பதுதான் பாடு. இரண்டு மாதத்தில் இருமல் அடங்கும், பசி எடுக்கும், அதோடு ஆளைக் காணோம். உருளைக்கிழங்கு தோண்டும் சோலி இருக்கிறது என்பார்கள். பழனிக்கு மாலை போட்டிருக்கிறேன், மருந்து தொடமாட்டேன் என்பார்கள். பேசிப் புரியவைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்வார். எனக்குப் பேச்சு வராது. வாசலில் போய் நிற்பேன். நாய் குரைத்து ஓய்ந்த பிறகும் நிற்பேன். என்னைப் பார்க்கச் சகிக்காமல் பஸ் ஏறியவர்கள்தான் அதிகம்.

கவுஞ்சி என்ற கிராமத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். இருவரும் சம்பந்திகள். ஒருத்தி மகளை இன்னொருத்தியின் மகனுக்குக் கொடுத்திருந்தாள். சீட்டில் பெண்ணின் தாய்க்குச் சிவப்பு விழுந்தது, மாப்பிள்ளையின் தாய்க்கு வெள்ளை. சில வாரங்களில் மாப்பிள்ளையின் தாய் தேறினாள். பெண்ணின் தாயோ இளைத்துக்கொண்டே போய், ஒரு வாரம் வராமலும் நின்றுவிட்டாள்.

சிவப்பு மாத்திரை தின்றால் சிறுநீரும் சிவந்து போகும். வெள்ளை மாத்திரைக்காரியின் சோதனைப் புட்டியில் அந்தச் சிவப்பைப் பார்த்ததும் சிஸ்டர் என்னைக் கவுஞ்சிக்கு அனுப்பினார். "சண்டை இழுக்காமல் விசாரித்து வா" என்றார்.

பெண்ணின் தாய் பூண்டுப் பாத்தியில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"சிவப்பு மாத்திரை எங்கேம்மா?" என்றேன்.

"சம்பந்தியம்மாவுக்குக் குடுத்திட்டேன் தம்பி."

"அப்ப அவங்க வெள்ளை?"

"அதையும் அவுகளே திங்கிறாக. நான் சுக்குத்தண்ணி குடிக்கிறேன்."

அவளே சொன்னாள்: "அவுக கேக்கல. பொண்ணு குடுத்தவளுக்குப் புது மருந்து, எனக்குப் பழசான்னு ஒரு வார்த்தை சொன்னாக. அதுக்கப்புறம் நான் எப்படித் திங்கிறது? எம்மக மாசமா இருக்கா. அந்த வீட்டுல பொழைக்கணும்ல. டாக்டர்கிட்ட சொல்லிராதீக."

சொல்லாமல் இருந்தால் அவள் தன் பேரனைப் பார்க்கமாட்டாள் என்பது எனக்கே தெரிந்தது. சிஸ்டரிடம் சொன்னேன். டாக்டர் கோபப்படவில்லை. இனி இவர்களைச் சோதனையில் வைத்துக்கொள்ள முடியாது என்றார். மற்ற நோயாளிகளுக்குக் கொடுக்கும் ஊசியையும் மாத்திரையையும் இருவருக்கும் கொடுப்போம், கூட்டி வா என்றார்.

மாப்பிள்ளையின் தாய் வரவில்லை. சம்பந்தி கோள் மூட்டிவிட்டாள் என்று ஊரெல்லாம் பேசினாள். பெண்ணின் தாயும் அசையவில்லை. "அவுகளை விட்டுட்டு நான் மட்டும் போயி ஊசி போட்டுக்கிட்டா, எம்மக அந்த வீட்டுல எப்படித் தலை நிமிந்து நிப்பா?" என்று கேட்டுவிட்டு, மூச்சு வாங்கிப் படுத்துக்கொண்டாள்.

ஆகவே மாப்பிள்ளை வீட்டு வாசலில் போய் நின்றேன். முதல் முறை கதவைச் சாத்திக்கொண்டார்கள். அடுத்த முறை மழையில் நனைந்துகொண்டு நின்றேன். கால் மரத்துப் போனது. இந்த வேலையை விட்டுவிட்டு லாரியில் மூட்டை ஏற்றப் போகலாம் என்றுகூட அன்று நினைத்தேன். அதற்கும் யாரிடமாவது போய்ப் பேச வேண்டுமே. மூன்றாவது முறை அவளே வெளியே வந்தாள்.

"ஏலே, நட்டு வச்ச மரமாட்டம் நிக்கிறியே, ஒனக்கு வாயே கெடையாதா?"

"இல்லைங்க."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, தூணைப் பிடித்துக்கொண்டாள். இருமல் அடங்கியதும் கேட்டாள்: "அவளுக்கும் எனக்கும் இனி ஒரே மருந்துதானா?"

"ஒரே மருந்துதாங்க. ஒரே ஊசி."

"மொத ஊசி யாருக்கு?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று எந்த டாக்டரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. "உங்களுக்குத்தாங்க. அவங்களுக்கு உங்களுக்குப் பெறகுதான்" என்றேன்.

"அப்பச் சரி. வெள்ளனே பஸ்ஸுக்கு வந்து நிக்கச் சொல்லு அவள. சொணங்கினா நான் காத்துக் கெடக்கமாட்டேன்."

சிஸ்டர் அந்த வரிசையைக் கடைசி வரை மாற்றவில்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் பெண்ணின் தாய்க்கு இருமல் நின்றது. போன உடம்பு முழுதாகத் திரும்பவில்லை. பேரனைத் தூக்கினால் உடனே உட்கார வேண்டியிருந்தது. ஆனாலும் தூக்கினாள்.

சோதனைக் கணக்கைப் பார்க்க வெளியூரிலிருந்து ஒரு பெரிய டாக்டர் வந்தார். "கவுஞ்சியில் இரண்டு பேரை விட்டுவிட்டாயே, என்னப்பா வேலை பார்க்கிறாய்?" என்று என்னிடம் கேட்டார். "ஆமாங்கய்யா" என்றேன்.

வெளியே வந்தபோது கவுஞ்சி பஸ்ஸில் வந்தவர்கள் ஆஸ்பத்திரி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் கை வீசி முன்னால் நடந்தாள். பெண்ணின் தாய் இரண்டு பேரின் பைகளையும் சுமந்துகொண்டு, நின்று நின்று மூச்சு வாங்கி, அவளுக்குப் பின்னால் வந்தாள்.