பெட்டிக் கடையில் பரலோகப் பேச்சு

பெட்டிக் கடையில் வேலை என்று சொன்னால் பீடி, வாழைப்பழம் விற்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள், நானும் திருத்துவதில்லை. பெங்களூர் காக்ஸ் டவுனில், எஸ்.டி.டி. பூத்துக்குப் பக்கத்தில், சவப்பெட்டி செய்கிற கடை அது. முதலாளி சாலமன் அண்ணன் பலகை அறுத்து ஆணி அடிப்பார். உள்ளே வெள்ளை சாட்டின் வைத்துத் தைப்பது, சின்னத் தலையணை செய்வது, மேலே போர்த்துகிற துணியில் எழுத்துத் தைப்பது எல்லாம் நான். அஞ்சாம் கிளாஸ் வரை படித்ததற்கு அந்த எழுத்துதான் பிரயோஜனம்.

கடையில் நின்று, வருகிறவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிப் பழகியவர்களுக்கு என் பாடு புரியும். எங்களிடம் வருகிறவர்கள் பெட்டியோடு விடமாட்டார்கள். போனவர் இப்போது எங்கே இருப்பார் என்றும் கேட்பார்கள். எனக்கே அது தெரியவேண்டியிருந்தது. நான் கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கி, வெள்ளைக்காரர் கட்டிவிட்டுப் போன ஆங்கிலிக்கன் சர்ச்சுக்கு வந்தவள். என் அப்பா கடைசிவரை முருகன் படத்துக்குக் கற்பூரம் காட்டிவிட்டுக் கண்ணை மூடினவர். அவர் எங்கே? எங்கள் சர்ச் பாதிரியாரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் அடிக்கடி கடைக்கு வருவார், கேட்டிருக்கலாம். எனக்குத்தான் வாய் வராது.

ட்டும்

ரயில்வேயில் கார்டாக இருந்த ஒருவர் இறந்துபோனார். அவர் சம்சாரம் கிரேஸ் ஆன்ட்டி, போர்த்துகிற துணியில் ‘சமாதானத்தில் இளைப்பாறட்டும்’ என்று போடச் சொன்னார். தைத்து முடித்ததை ஐயர் பார்த்துவிட்டார். “ட்டும் வேணாம்மா. அது செத்தவங்களுக்காகப் பண்ற ஜெபம் ஆயிடும். கத்தோலிக்கர் பண்ணுவாங்க, நம்மகிட்ட அது கிடையாது. ‘இளைப்பாறுகிறார்’னு மாத்திடு” என்றார்.

தலையாட்டிவிட்டு நூலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கிரேஸ் ஆன்ட்டி வந்து எட்டிப் பார்த்தார். ஐயர் சொன்னதைச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே என் கையிலிருந்த ஊசியைப் பிடித்து நிறுத்தினார்.

“என்னைக் கட்டின நாள்லருந்து அந்த மனுஷன் சும்மா உக்காந்து நான் பாத்ததில்ல. ‘இளைப்பாறுகிறார்’னு போட்டா சொந்தக்காரங்க சிரிப்பாங்க. நீ ‘ட்டும்’னே போடு, அங்கயாவது உக்காரட்டும்.”

வண்டி மாறுகிற இடம்

ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து ஒரு அண்ணனும் தங்கையும் அம்மாவுக்குப் பெட்டி பார்க்க வந்தார்கள். தங்கை எங்கள் சபை. அண்ணன் கல்யாணத்தில் கத்தோலிக்கராகிவிட்டவர். “அம்மா கொஞ்ச நாள் உத்தரிக்கிற ஸ்தலத்துல இருப்பாங்க. சில்லறைப் பாவமெல்லாம் கழுவித்தான் மேல அனுப்புவாங்க. நாம பூசை வெச்சா சீக்கிரம் விடுவாங்க” என்றார். தங்கைக்கு வந்ததே கோபம். “அம்மா என்ன பாவம் பண்ணாங்க? நீ மாறிப் போனதுக்கு அழுதாங்களே, அதுவா?” என்று கேட்டது.

அண்ணன் முகம் செத்துப்போனது. பெட்டிக்கு அளவு சொல்ல ஆள் இல்லாமல் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற சாலமன் அண்ணன், கோலார் ரயிலில் போய்வருகிற பழக்கத்தில் சமாதானம் பண்ணினார்.

“ரெண்டும் ஒரே ஊருக்குப் போற ரயில்தாங்க. அவரோடது பங்காருபேட்டையில எறங்கி வண்டி மாறணும், உங்களோடது டைரக்ட்.”

எக்காளத்துக்கு முன்னால்

டிக்கெட்டே எடுக்காமல் போன என் அப்பாவை எந்த வண்டியில் ஏற்றுவார்கள் என்ற யோசனையிலேயே ஒரு மத்தியானம் தைத்துக்கொண்டிருந்தேன். என் மகளுக்கு அப்போது ரெண்டு வயது. துணிக் கிழிசலோடு காலடியில்தான் விளையாடிக்கொண்டிருந்தாள். எப்போது நழுவினாள் என்று தெரியாது, தைத்து முடித்த பெட்டியில் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டாள்.

ஆஸ்டின் டவுனிலிருந்து ஒரு ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர் வந்தார். துணி நல்ல துணியா என்று தடவிப் பார்க்கக் குனிந்தார். இவள் எழுந்து உட்கார்ந்து, “தண்ணி” என்றாள். மிலிட்டரி பின்னாலேயே நடந்து வாசற்படிக்குப் போய்விட்டது. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, மூச்சு வந்த பிறகு சொன்னார்:

“கடைசி நாள்ல எக்காளம் ஊதினப்புறம்தான் செத்தவங்க எழுந்திரிப்பாங்கன்னு ஐயர் சொன்னாரு, உங்க கடையில அதுக்கும் முன்னாடியே எழுந்திரிக்கிறாங்களே.”

கீழே இறங்கினவர்

இந்தக் கதை சர்ச் வரைக்கும் போய், ஐயர் சிரித்துக்கொண்டே கடைக்கு வந்தார். என் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு, “எங்கே, இன்னொரு தடவை எழுந்திரி பாக்கலாம்” என்றார். அவர் சிரித்த சிரிப்பில் எனக்கும் வாய் திறந்துகொண்டது.

“ஐயா, ஞானஸ்நானம் வாங்காம செத்தா நேரா நரகந்தானா?”

சிரிப்பு நின்றது. “யாரும்மா?” என்றார். “எங்கப்பா” என்றேன். சாலமன் அண்ணன் சுத்தியலைக் கீழே வைத்தார்.

“சபை சொல்றதைச் சொல்லவா, நான் நெனைக்கிறதைச் சொல்லவா?”

“எதுல எங்கப்பா நல்லா இருப்பாரோ அதைச் சொல்லுங்கய்யா.”

ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார். அப்பா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டார். கோலார் தங்கச் சுரங்கத்தில், தினமும் கூண்டில் ஏறிக் கீழே போய்வருவார் என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “சர்ச்சுல விசுவாசப் பிரமாணம் வாராவாரம் சொல்றியே. சிலுவையில செத்து அடக்கமானப்புறம் ஆண்டவர் என்ன பண்ணாரு?” என்றார்.

“பாதாளத்தில் இறங்கினார்” என்றேன்.

“ஒரு தடவை எறங்கி வழி தெரிஞ்சவருக்கு, உங்கப்பாவைத் தேடி இன்னொரு தடவை எறங்கறதா பெரிசு? ஆனா நான் சொன்னேன்னு பிஷப் ஐயாகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா.”

விசுவாசப் பிரமாணத்தில் மற்ற வரிகளுக்கெல்லாம் உதட்டை மட்டும் அசைக்கிற நான், இப்போது அந்த ஒரு வரிக்கு மட்டும் முன் பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம் போடுகிறேன்.