ஓரகத்திக்கு மட்டும் சர்க்கரை

எனக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். ஞாபகமும் முன்னே மாதிரி இல்லை. முன்னுக்குப் பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம் என்று நினைக்கிறேன். திருநீர்மலைக்குப் பின்னால் இருக்கிற எங்கள் ஊருக்கு, தாம்பரத்திலிருந்து இலவச வைத்திய வண்டி வர ஆரம்பித்தது. ஒரு டாக்டரம்மா, ஒரு நர்ஸ் பெண். பால்வாடியில்தான் பார்ப்பார்கள். குழந்தைகளின் குட்டி நாற்காலியில் டாக்டரம்மா காலை மடக்கி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே பாவமாக இருக்கும். மூலையில் ஒரு பழைய சேலையைக் கட்டி மறைப்பு வைத்திருந்தார்கள்.

முதல் நாளே என் ஓரகத்திக்குச் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். என் கொழுந்தன் பெண்டாட்டி அவள். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். எனக்கும் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் நார்மல்" என்றாள் நர்ஸ் பெண். பேசி முடிப்பதற்குள் எனக்குப் பின்னால் நின்றவள் கையை நீட்டிவிட்டாள்.

எனக்கா ஒன்றும் இல்லை? கடைசிப் பிள்ளை பிறந்து உடம்பு தேறுவதற்குள் கல்குவாரியில் ஜல்லிக்கூடை தூக்கப் போனவள் நான். அப்போதே கர்ப்பப்பை இறங்கிவிட்டது. குந்தி உட்கார்ந்தால் வெளியே வந்துவிடும். வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. ஆம்பிளைகள் நிற்கிற வரிசையில், அந்தச் சின்னப் பெண்ணிடம் எந்த வாயால் சொல்வேன்?

அந்தச் சேலை மறைப்புக்கு உள்ளே போனால் சொல்லிவிடலாம். ஆனால் உள்ளே கூப்பிட்டது சர்க்கரை உள்ள பொம்பளைகளை மட்டும்தான். சேலையை முழங்கால் வரை தூக்கச் சொல்லி, காலில் புண் இருக்கிறதா என்று விரல் இடுக்கெல்லாம் டாக்டரம்மா பார்ப்பார். வண்டி வரும் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் என் ஓரகத்தி உள்ளே போவாள். இரண்டு பேரும் சிரிப்பது வெளியே கேட்கும். எனக்கு வயிறு எரியும். வெளியே வந்தால் அவள்தான் டாக்டர்.

"அக்கா, இம்மாஞ் சோறு துன்னாத. டாக்டரம்மா என் கையப் புட்ச்சிகினு சொன்னாங்க."

"உனக்குச் சொன்னாங்கன்னா நீ கொறச்சிக்கோ. எனக்குத்தான் ஒண்ணும் இல்லியே."

"சக்கர வந்து பாரு, அப்பத் தெரியும் இந்தப் பேஜாரு."

பேஜாரு என்று வாய்தான் சொல்லும். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

வைத்தியம் முடிந்ததும் படம் காட்டிப் பாடம் சொல்வார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பது, கால் கழுவுவது, இப்படி. ஒருநாள் அவளை எழுந்து நிற்கச் சொல்லி, "இவங்களைப் பாருங்க, சர்க்கரையை எவ்வளவு குறைச்சிட்டாங்க" என்று எல்லோரையும் கை தட்ட வைத்தார் டாக்டரம்மா. ஒரு சோப்பும் கொடுத்தார். அந்தச் சோப்பை அவள் பிரிக்கவே இல்லை. நான் கோலம் போட வந்தால் கண்ணில் படுகிற மாதிரி ஜன்னலில் வைத்தாள்.

அன்றைக்குத்தான் நான் வெல்லம் தின்ன ஆரம்பித்தேன். கடித்தும் தின்றேன், கரைத்தும் குடித்தேன். எனக்கும் சர்க்கரை வந்தால் உள்ளே கூப்பிடுவார்கள் இல்லையா? அடுத்த செவ்வாய்க்கிழமை தைரியமாக விரலை நீட்டினேன்.

"நார்மல்தாம்மா. நல்ல உடம்பு உங்களுக்கு."

பின்னால் நின்ற ஓரகத்தி விடவில்லை. "எங்கக்கா தனக்குச் சக்கர வரணும்னு வாரம் பூரா வெல்லமா துன்னுகினு கீது மேடம்! டப்பாவே காலி!"

வரிசையே சிரித்தது. எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது.

"சிரிடி! நீ கால நீட்னா ஊரே பாக்குது. எனக்குக் கீழ எறங்கித் தொங்கிகினு கீது. அத்தப் பாக்க ஒரு நாதி இல்ல!"

ஆம்பிளைகள் தரையைப் பார்த்தார்கள். டாக்டரம்மாவே எழுந்து வந்து மறைப்புச் சேலையைத் தூக்கிப் பிடித்தார். "உள்ள வாங்கம்மா" என்றார்.

உள்ளே நான் நினைத்த மாதிரி ஒன்றுமே இல்லை. ஒரு பெஞ்சு, டெட்டால் வாசனை, அவ்வளவுதான். பார்த்துவிட்டு, "எத்தனை வருஷமா இப்படி?" என்று கேட்டார். "கடைசிப் பையனுக்குக் கல்யாணமே ஆயிடுச்சு" என்றேன். கொஞ்ச நேரம் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். என் கையைத்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் இலவசமாக ஆபரேஷன் நடந்தது. ஓரகத்திதான் கூட இருந்தாள், கஞ்சி கொண்டு வந்தாள், அதை மறைக்க மாட்டேன். அதற்கப்புறம் எந்தப் பொம்பளை வந்தாலும் முதலில் தனியாக உள்ளே கூப்பிட்டுப் பேசினார்கள். என்னைப் போலவே வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள்.

நான் திரும்பி வந்த பிறகு, கர்ப்பப்பை இறங்குவதைப் பற்றிய ஒரு பாடத்தில், "இதைப் பத்தி யாராவது எழுந்து சொல்றீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நான் வாயைத் திறப்பதற்குள் ஓரகத்தி எழுந்துவிட்டாள்.

"எங்கக்கா சொல்ல வெக்கப்பட்டுகினு இருந்துச்சு. நான்தான் இட்டாந்தேன்!"

எல்லோரும் கை தட்டினார்கள். அவளுக்கு இன்னொரு சோப்பு. இறங்கினது எனக்கு, சோப்பு அவளுக்கு. இன்றைக்கு நினைத்தாலும் எரிகிறது.

கிழமையோ வருஷமோ தப்பாக இருக்கலாம். அப்போது எங்கள் பால்வாடியில் இருந்த டீச்சர் இப்போது பள்ளிக்கரணையில் மகள் வீட்டில் இருக்கிறார். யாராவது அவரைக் கேட்டுச் சரிபார்த்துத் திருத்துங்கள். என் ஓரகத்தியை மட்டும் கேட்காதீர்கள்.