தடித்த டயரும் மீன்பெட்டியும்

பிள்ளைகளே, என் இரும்புச் சைக்கிள் எங்கள் சல்லி ஊர்க் கடற்கரை மணலிலும் ஓட வேண்டும், தார் ரோட்டிலும் ஓட வேண்டும். மணலில் புதையக்கூடாது என்று, ஃபிரேமுக்குள் நுழையக்கூடிய ஆகத் தடித்த டயராகப் பார்த்து வாங்கிப் பூட்டினேன். காய்ந்த மணலில் அது அருமையாக ஓடியது.

மகளின் புலமைப்பரிசில் பரீட்சையன்று மழை பெய்திருந்தது. பாதி வழியில் ஈரமணல் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இறுகி, சில்லு சுற்றாமல் நின்றது. பின்னால் இருந்த மகள், சோதினைக்கு நேரம் போகுது என்று அழத் தொடங்கினாள்.

அவ்வழியே வந்த மீன் வியாபாரி ஒருவர் இறங்கிப் பார்த்தார்.

"ஒரு விரல் போற இடமாவது விட வேணாமா அண்ணை?" என்றபடியே தன் சைக்கிளிலிருந்த மீன்பெட்டியை அவிழ்த்துக் கீழே வைத்தார். "என்ர சைக்கிளக் கொண்டு போங்க. பிள்ளைய முதல்ல விடுங்க."

"மீன் பழுதாப் போயிடும், தம்பி."

"மீனுக்கு இண்டைக்குச் சோதினை இல்லத்தானே. வெளிக்கிடுங்க."

மணி அடிக்க முன் மகள் பரீட்சை மண்டபத்துக்குள் போய்விட்டாள். நான் திரும்பி வந்தபோது வெயில் ஏறியிருந்தது. அவர் என் மட்கார்டைக் கழற்றி, மணலைச் சுரண்டி முடித்திருந்தார். மீன் விற்காமல் அப்படியே பெட்டியில் கிடந்தது.

இப்போது கொஞ்சம் ஒடுங்கிய டயர்தான் போட்டிருக்கிறேன். சில இடங்களில் இறங்கித் தள்ள வேண்டும், பரவாயில்லை. பெயர்கூடக் கேட்காமல் தன் பிழைப்பையே என் கையில் தந்தவர் அவர். அன்று முதல், வழியில் யாராவது சைக்கிளோடு நிற்பதைக் கண்டால், என் கால் தானாகவே தரையில் ஊன்றிவிடுகிறது.