சட்டன் விலாசம்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. படிப்பும் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டது. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கக் கூசுகிற நான் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். லண்டன் டூட்டிங்கில் உள்ள எங்கள் காப்புறுதி அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், பழகிய வாடிக்கையாளரிடமும் நான் முதலில் “இப்ப எங்கை இருக்கிறியள்?” என்று கேட்பது ஏன் என்கிறார்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்தக் கேள்வியே தேவைப்படவில்லை. வீடு வீடாகப் போவோம். முதல் நாள் பக்கத்து ஊரான மோர்டனில் ஒரு வீட்டு வாசலில் மணியை அழுத்தப் பயந்துகொண்டு நின்றேன். செல்வராசா அண்ணை யன்னலால் பார்த்துவிட்டுத் தானே கதவைத் திறந்தார்.

“இன்சூரன்ஸோ? சாவைப் பற்றிக் கதைக்க வந்த பிள்ளை இப்பிடிப் பயப்பிட்டால் என்னெண்டு? வாரும், தேத்தண்ணி குடியும்.”

அவர்தான் என் முதல் வாடிக்கையாளர். அவருடைய மனைவியை அக்கா என்பேன். அக்கா சுடச்சுட வடை கொண்டுவந்து வைப்பா. பொலிசி பற்றிப் பேச வேண்டியது கொஞ்சம். ஊர்க்கதை முடிய மாலையாகிவிடும். அவர் எங்கே வசிக்கிறார் என்று ஏன் கேட்க வேண்டும்? அவருடைய சோபாவில்தானே இருந்தேன்.

பிறகு எல்லாம் போனிலும் வீடியோவிலும் என்றாகிவிட்டது. அண்ணையும் அக்காவும் பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் பாரிஸுக்குப் போய் மகளோடு குடியேறினார்கள். பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பின், பிரான்ஸில் வசிப்பவருக்குப் பொலிசி விற்க எங்கள் அலுவலகத்துக்கு அனுமதி இல்லை.

போன வருடம் அண்ணை வீடியோவில் வந்தார். பழைய ஆயுள் பொலிசி முடிந்துவிட்டது, புதிதாக ஒன்று வேண்டும் என்றார்.

“லண்டனிலை இருக்கிற என்ரை தங்கச்சியின்ரை சட்டன் விலாசத்தைப் போடும் பிள்ளை.”

“இப்ப எங்கை இருக்கிறியள் அண்ணை?”

“சட்டனிலைதான், தங்கச்சி வீட்டிலை.”

“உங்களுக்குப் பின்னாலை பிளக் பொயின்ற் வட்டமா இருக்கு. லண்டனிலை சதுரமெல்லோ?”

திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“உமக்குப் பொலிஸிலை வேலை தந்திருக்க வேணும். ஓம், பாரிஸ்தான். அதுக்கென்ன? எங்கடை சனம் எல்லாரும் லண்டனிலை ஒரு விலாசம் வைச்சிருக்கினம்தானே.”

“கடிதம் வாறதுக்கு வைச்சிருக்கலாம் அண்ணை. இதுக்கு ஏலாது.”

“இங்கை பத்திரத்தைப் பிரெஞ்சிலை தருவாங்கள். வாசிக்கத் தெரியாமல் கையெழுத்து வைக்கச் சொல்லுறீரோ?”

அவர் கேட்டது நியாயம். ஆனாலும் சொன்னேன்.

“உங்களுக்கு ஒண்டு நடந்தால் எங்கை இருந்தனீங்கள் எண்டு கொம்பனி தேடும். சட்டனிலை இல்லை எண்டு கண்டால் தரமாட்டாங்கள். அக்கா ஒரு நாளும் வேலைக்குப் போனவ இல்லை. என்னட்டை வந்து கேட்டால் நான் என்ன சொல்லுறது? பாரிஸிலை அனுமதி உள்ள தமிழ் ஆள் ஒருத்தர் இருக்கிறார், நம்பர் தாறன். எல்லாத்தையும் தமிழிலை விளங்கப்படுத்துவார்.”

அண்ணைக்குப் பின்னால் அக்கா வந்து நின்றா.

“அண்டைக்குக் கதவைத் திறந்துவிட்டவன் நான். அதை மறந்துபோட்டீர்,” என்றார் அண்ணை. நம்பரைச் சொன்னேன். எழுதினாரோ தெரியாது. திரை கறுத்துப் போனது.

நான் மறக்கவில்லை. அந்த வடையின் சூடுகூட நினைவில் இருக்கிறது. புதியவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: ஆள் எங்கே இருக்கிறார் என்று முதலில் கேளுங்கள். தெரிந்த ஆளிடம் கேட்கத்தான் கஷ்டம். ஆனால் தெரிந்த ஆளைத்தான் கட்டாயம் கேட்க வேண்டும்.

அண்ணை வீடியோவில் பேசிய அடுத்த நாள் காலை அக்கா போன் எடுத்தா. பாரிஸ் ஆளின் நம்பரை இன்னொருமுறை கேட்டா. ஆறுதலாக இரண்டு தரம் சொன்னேன்.