புளி அண்ணைக்கு ஒலிபெருக்கி போட்ட கதை

முதலில் ஒரு விடுகதை. சபைக்குப் பிடிக்காவிட்டால் அது கடைசிவரை ஓடும். பிடித்துவிட்டால் பாதியில் நிற்கும். அது என்ன?

நீங்கள் யோசிப்பதற்குள் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவனைப் பாட்டு நன்றாக இருக்கும்வரை யாரும் கவனிப்பதில்லை. அது கெட்டுப்போனால் மண்டபமே திரும்பிப் பார்க்கும். பாரிசில், ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் இருந்து இந்த வேலையைச் செய்துவருகிறேன். மண்டபப் படிகளில் பெட்டி சுமந்தவர்களே, ஒரு காதில் "சத்தத்தைக் குறை" என்றும் மறு காதில் "கூட்டுங்கோ அண்ணை" என்றும் கேட்டவர்களே, இது உங்களுக்காக.

விடை, ஜமேக்கா நாட்டு டான்ஸ்ஹால் பாட்டு. அதை எனக்குச் சொல்லித் தந்தவர் டெஸ்மண்ட். கிங்ஸ்டன் நகரத்துக்காரர். இளம் வயதில் அவர் பாடிய ஒரு பாட்டு அந்த நகரத்தை ஒரு கோடைகாலம் முழுக்க ஆட வைத்ததாம். மேடைப் பெயர் லோர்ட் டமரின்ட். டமரின்ட் என்றால் புளி. அந்த ஒரு பாட்டோடு ஐரோப்பா சுற்ற வந்தவர் பாரிசிலேயே தங்கிவிட்டார். வார நாட்களில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, சனி ஞாயிறுகளில் பாட்டு. இப்போது இளம் பிள்ளைகள் அந்தப் பழைய பாட்டுக்கு ஆடி, அதை வீடியோவாகக் கைத்தொலைபேசியில் போட, எங்கள் ஆட்களின் கொண்டாட்டங்களுக்கும் அவரைக் கூப்பிடத் தொடங்கினார்கள். எங்கே போனாலும் கேட்பது அந்த ஒன்றைத்தான்.

அவருக்குப் பத்து வயதில் நயோமி என்றொரு மகள். தாயோடு பாரிசுக்கு வெளியே பொண்டியில் இருக்கிறாள், ஒன்றுவிட்ட வார இறுதிகளில் தகப்பனிடம் வருவாள். அவரை மேடையில் அவள் கண்டதே இல்லை. இந்த வருஷம் கேட்டுவிட்டாள்: "அப்பா, நீங்கள் பாடுறதை நான் எப்ப பார்க்கிறது?" டெஸ்மண்ட் பேச்சை மாற்றிவிட்டார். ஏன் என்பது போகப்போகத் தெரியும். நானும் அவரும் பேசுவது பாதி பிரெஞ்சு, பாதி ஆங்கிலம். இங்கே எல்லாவற்றையும் தமிழில் எழுதுகிறேன்.

பாதியில் நின்ற பாட்டு

பாரிசின் புறநகர் திரான்சியில் ஒரு கலியாண வரவேற்பு. நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த முதல் வேலை. டெஸ்மண்ட் பாடத் தொடங்கினார். பிள்ளைகள் மேடைக்கு முன்னால் ஓடிவந்தார்கள், மாப்பிள்ளையின் தோழர்கள் கதிரைகளைத் தள்ளிவிட்டு ஆடினார்கள். உடனே டெஸ்மண்ட் கையை உயர்த்தினார். ஏற்கெனவே பேசிவைத்தபடி நான் இசையை நிறுத்தினேன். சபை நன்றாக ரசித்தால் பாட்டை அங்கேயே அறுத்து, முதலிலிருந்து மறுபடி தொடங்குவது அவர்களுடைய வழக்கம். பாடகனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

எங்கள் சபைக்கு அது தெரியாது. மண்டபம் திடுக்கிட்டுப் போனது. ஒருவர் மின்சாரப் பெட்டியைத் தேடி ஓடினார். வீடியோ எடுத்தவர் தன்னுடைய வயரை இழுத்துப் பார்த்தார். பெண்ணின் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். நான் விளக்கமாக எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நல்லாயிருந்தால் ஏன் தம்பி நிப்பாட்டுறியள்?"

ரசத்துக்கு வாங்கும் புளி

லாச்சப்பல் கடைகளில் டெஸ்மண்டுக்கு மொழி தேவைப்படுவதில்லை. சேனைக்கிழங்கை விரலால் தட்டிப் பார்ப்பார். ஆட்டிறைச்சியை எலும்போடு வெட்டித் தரச் சொல்லிச் சைகை காட்டுவார். ஜமேக்காவிலும் ஆட்டுக்கறி இல்லாமல் கொண்டாட்டம் இல்லையாம். கறித்தூளின் உறைப்பு போதாது என்று அவர் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து கடைக்காரப் பெண்ணுக்கு அவர்மேல் ஒரு மதிப்பு.

ஒருநாள் பழப்புளிப் பொட்டலங்களை அள்ளி எடுத்து மேசையில் வைத்தார். இத்தனை புளியும் என்னத்துக்கு என்று அவள் என்னிடம் கேட்டாள். கொட்டையோடு உருட்டி, சீனியில் புரட்டி, மகளுக்கு இனிப்பாகக் கொடுப்பதற்கு என்று சொன்னேன். மேடைப் பெயரையும் சொன்னேன். அன்றிலிருந்து தெரு முழுக்க அவர் புளி அண்ணைதான். அவள் காசை வாங்கிக்கொண்டு அவரைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னாள்: "புளி அண்ணை, பிள்ளையின்ரை பல்லுக்கு நான் பொறுப்பில்லை!"

ஒரே தாளம்

இதுவும் உங்களுக்குப் புதினமாக இருக்கும். டான்ஸ்ஹாலில் ஒரு தாளத்தை ஒருவர் செய்துவிட்டால், அதன்மேல் பல பாடகர்கள் தங்கள் தங்கள் சொற்களை வைத்துப் பாடுவார்கள். யார் நன்றாகப் பாடினார் என்பதுதான் போட்டி. ஒரு அறுபதாவது பிறந்தநாளில் டெஸ்மண்ட் இதைச் சபைக்குக் காட்ட விரும்பினார். ஒரே தாளத்தில் பாட்டுக்கு மேல் பாட்டாகப் பாடினார். ஒன்றில் கோபம், ஒன்றில் கேலி, ஒன்றில் காதல். எனக்கே வியப்பாக இருந்தது.

பிறந்தநாள்காரர் ஓய்வுபெற்ற கணக்காளர், அமைதியான மனிதர். கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டார். பிறகு என்னை ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போய், குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பாவம், நல்ல குரல். ஆராவது அந்த மனுசனுக்கு இன்னொரு பாட்டுச் சொல்லிக் குடுங்கோவன்."

பச்சை, மஞ்சள், சிவப்பு

இங்கே சில மண்டபங்களில் சுவரில் ஒரு சிறிய பெட்டி இருக்கும். சத்தம் அளவாக இருந்தால் பச்சை விளக்கு, கூடினால் மஞ்சள், எல்லை மீறினால் சிவப்பு. சிவப்பு அணையாமல் நின்றால் மேடைக்கு மின்சாரம் தானாக நின்றுவிடும். என் மாதிரி ஆட்களுக்கு அந்தப் பெட்டிதான் முதலாளி.

டெஸ்மண்டின் ஊரில் ஒலிபெருக்கிப் பெட்டிகளை அலுமாரிகள் மாதிரித் தெருவில் அடுக்கி வைப்பார்களாம். அடித் தாளம் நெஞ்சில் வந்து மோதவேண்டும், பக்கத்துத் தெருவில் கண்ணாடிகள் அதிரவேண்டும். அப்படிப் பழகியவர், இங்கே சபையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பாடப் பழகினார். மஞ்சள் எரிந்தால் குரல் தணியும். பச்சை வந்தால் மெல்ல எழும்பும். ஒருநாள் பாடி முடித்து வியர்வையைத் துடைத்தபடி சொன்னார்: "கிங்ஸ்டனில் பெரிய பெரிய பாட்டுக்காரரோடை மோதினவன் நான். இஞ்சை ஒரு சின்ன பல்பு என்னைத் தோற்கடிக்குது."

வான் வண்டிக்குள் தணிக்கை

எபினே என்ற புறநகரில் ஒரு வேலை வந்தது. கூப்பிட்டவர் புதுச்சேரிக்காரர், தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எல்லோரும் முசியே ரொபேர், அதாவது ரொபேர் ஐயா, என்பார்கள். பேத்தி தேவாலயத்தில் முதல்முறை நற்கருணை வாங்கும் முதல் நன்மை விருந்து, ஞாயிறு மத்தியானம். "தம்பி, பாதரும் சாப்பிட வர்றாரு. பாட்டுல வார்த்தையெல்லாம் சுத்தமா இருக்கணும், சரியா?" என்றார். அந்த ஞாயிறு நயோமி தகப்பனிடம் இருக்கும் நாள். பகல் நேரம், பிள்ளைகள் நிறைந்த விருந்து. டெஸ்மண்ட் அவளைக் கூட்டிக்கொண்டு வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் தன் பாட்டுகளில் வரும் சொற்கள் அவருக்கு நினைவுக்கு வந்தன. பெட்டிகள் ஏற்றும் என் வானை நிறுத்திவைத்துவிட்டு, அவருடைய பாட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். எங்கள் ஆட்களுக்கு ஜமேக்காப் பேச்சு விளங்காததால் இத்தனை காலமும் தப்பியிருந்தோம். தகப்பனோடு அதைப் பேசும் நயோமிக்கு விளங்கும். அவர் ஒவ்வொரு வரியாக எனக்கு அர்த்தம் சொன்னார். அவற்றை இங்கே எழுதமாட்டேன். "இது ஏலாது. இதுவும் ஏலாது. இதில் முதல் வரி மட்டும் பரவாயில்லை" என்று சொல்லிக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் மோசமானது, எல்லோரும் கேட்கும் அந்தப் பழைய பாட்டு. கூடாத சொற்களை எடுத்துவிட்டு அந்த இடங்களில் மாங்காய், கத்தரிக்காய், தேங்காய் என்று போடலாம் என்று முடிவு செய்தோம். பின்னால் பெட்டிகளோடு நெருக்கியடித்துக்கொண்டு இருந்த என் மச்சான் குகன் கேட்டான்: "அப்ப இனி இது பாட்டோ, மரக்கறிக் கடையோ?"

சீப்புப் பாட்டு

அடுத்த கிழமை டெஸ்மண்ட், லாச்சப்பலில் ஒரு கடைக்குக் கீழே நான் பெட்டிகள் வைக்கும் அறைக்கு வந்தார். புதிதாக ஒன்று செய்திருப்பதாகவும், நானும் குகனும் கேட்கவேண்டும் என்றும் சொன்னார். பல வருஷங்களுக்குப் பிறகு அவர் எழுதிய பாட்டு அது. டான்ஸ்ஹாலில் பாடகன் தன்னைத்தானே புகழ்ந்து பாடவேண்டும். என்னை வெல்ல ஆளில்லை, நான்தான் ராசா என்று மார்தட்டவேண்டும். இந்தப் பாட்டிலும் மார்தட்டல் இருந்தது. ஆனால் சீப்பைப் பற்றி. ஞாயிறு காலைகளில் மகளின் சுருள் முடியைச் சிக்கெடுத்துப் பின்னத் தெரியாமல் அவர் பட்ட பாடு, அவள் கத்திய கத்தல், கோணலாக வந்த முதல் பின்னல், கடைசியில் ஒருநாள் நேராக வந்த பின்னல். இந்தப் பாரிசில் என் கைக்கு நிகரான கை இல்லை என்று முடிகிறது.

எனக்கு உடனே பிடித்துவிட்டது. டெஸ்மண்ட் என் முகத்தைப் பார்க்கவில்லை, குகனின் முகத்தைப் பார்த்தார். சபையின் நாடி குகனுக்குத்தான் தெரியும் என்பது அவர் நம்பிக்கை. முன்பும் சில இடங்களில் புதுப் பாட்டுப் பாடப் பார்த்து, சபை பழையதைக் கேட்டுக் கத்த, விட்டுவிட்டவர் அவர். மற்றவர்கள் கேட்காவிட்டாலும் பரவாயில்லை, மகளுக்கு இதைப் பாடவேண்டும் என்றார். ஆனால் சபை கேட்காத பாட்டைப் பாடினால் மேடையில் நிற்க முடியாதே, அவள் முன்னாலேயே சபை கூச்சல் போட்டு இறக்கிவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டார். குகன் பொய் சொல்லத் தெரியாதவன். உட்கார்ந்திருந்த பெட்டியை விட்டு எழும்பி அவர் தோளில் கைவைத்துச் சொன்னான்: "நல்ல பாட்டு, புளி அண்ணை. ஆனா ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

எபினே விருந்து

விருந்து நாள். வெள்ளை உடையில் பேத்தி, நீள மேசையில் பிரியாணி, முன்வரிசையில் பாதர். நயோமி மேடைக்கு அருகில் கேக் தட்டோடு நின்றாள். பின்னல்கள் நேராக இருந்தன. டெஸ்மண்ட் தணிக்கை செய்த பாட்டுகளைப் பாடினார். யாரும் முகம் சுளிக்கவில்லை. பாதர் காலால் தாளம் போட்டார். நயோமி சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். பிறகு வழக்கம்போலச் சபை பழைய பாட்டைக் கேட்டது. டெஸ்மண்ட் ஒரு முறை என்னைப் பார்த்துவிட்டுத் தொடங்கினார். முதல் மாங்காய் வந்தது. கத்தரிக்காய் வந்தது.

"அப்பா!" என்றாள் நயோமி, கேக் நிறைந்த வாயோடு. "அதிலை வாற சொல் அது இல்லை!"

பக்கத்தில் நின்ற பிள்ளைகள் எல்லாம் தலையாட்டினார்கள். டெஸ்மண்டின் குரல் நின்றது. நான் இசையைக் குறைத்தேன். அவர் மேடை விளிம்பில் குந்தி, மைக்கை மறைத்துக்கொண்டு, உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். "வகுப்பிலை எல்லாருக்கும் தெரியும். ஃபோனிலை முழுக்க இருக்கு" என்றாள். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ஆடும் பாட்டு அவர் மகளுக்கு மட்டும் தெரியாது என்று, வயதில் மூத்த மூன்று ஆண்கள் ஒரு வானுக்குள் இருந்து நம்பியிருக்கிறோம்.

சபை கைதட்டி அவசரப்படுத்தியது. முசியே ரொபேர் என் மேசைக்கு வந்து, "என்னப்பா நிறுத்திட்டீங்க? தெரிஞ்சதையே பாடச் சொல்லு, போதும்" என்றார். குகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். டெஸ்மண்ட் மகளிடம், இன்னும் ஒரு பாட்டுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றார். அதையே பாடவா, இல்லாவிட்டால் நீ கேட்டிராத ஒன்று இருக்கிறது, அதைப் பாடவா என்று கேட்டார். அது சீப்புப் பாட்டு என்று அவளுக்குச் சொல்லவில்லை.

நயோமி கேக்கை விழுங்கிவிட்டு, தான் கேட்டிராததைப் பாடச் சொன்னாள்.