கொலுப்படியில் ஒரு தெர்மாகோல் கப்

ஸ்ரீரங்கத்துக்கு இரண்டு பக்கமும் ஆறு. கோடையில் இரண்டிலும் மணல். அந்த ஊரில் பிறந்து ஆழ்கடல் ஆராய்ச்சிக்குப் போனவள் நான். கப்பலில் வாரக்கணக்கில் இருந்து, கம்பியில் கட்டிய கருவியைக் கடலுக்குள் மூன்று கிலோமீட்டர் இறக்கி, அடியில் எத்தனை சூடு என்று அளந்து, அங்கிருக்கும் தண்ணீரைப் பிடித்துவந்து உப்புப் பார்ப்பது என் வேலை. இதைக் கேட்ட எதிர்வீட்டு மாமா, "தண்ணி மொண்டுண்டு வரவா பிஎச்டி? அம்மா மண்டபத்துப் படித்துறைல ஒரு குடம் போறுமே" என்றார்.

உறவினர்கள் வேறு ரகம். ஒருவருக்கு முத்து வேண்டும், இன்னொருவருக்கு வலம்புரிச் சங்கு. கப்பலில் மீன் சமைப்பார்களா என்பதை மட்டும் எல்லோரும் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். கடலில் படுத்திருக்கும் பெருமாளைத் தினமும் சேவிக்கிற ஊர். கடல் அவர் ஒருவருக்குத்தான் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

எனக்கு முப்பது தாண்டியதும் அப்பாவுக்குப் பயம் வந்துவிட்டது. வந்த வரன்களெல்லாம் கப்பல் என்றதும் திரும்பிப் போயின. இத்தனைக்கும் மாப்பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் அமெரிக்காவில். கடலுக்கு மேலே பறந்தால் குற்றமில்லை, மிதந்தால்தான் குற்றம். அதனால் ஜாதகத்தோடு போகும் குறிப்பில் அப்பா 'மத்திய அரசு ஆபீஸ், சென்னை' என்று மட்டும் போட ஆரம்பித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவர் முழுக் கப்பலையே மறைத்தார். என் வேலையைப் பற்றி அம்மா என்ன நினைக்கிறாள் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. ஊரார் கேலியைவிட அதுதான் எனக்கு வலித்தது.

ஆழ்கடல்காரர்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. தெர்மாகோல் கப்பில் கலர் பேனாவால் எதையாவது எழுதி, வலைப்பையில் போட்டு, கருவியோடு சேர்த்து இறக்குவோம். தண்ணீரின் அழுத்தத்தில் தெர்மாகோலுக்குள் இருக்கும் காற்றெல்லாம் நசுங்கி, விரல் நுனியில் மாட்டுகிற அளவுக்குச் சுருங்கி வரும். எழுத்தும் கூடவே சுருங்கியிருக்கும். தலை நரைத்த விஞ்ஞானிகள்கூடப் பேனாவுக்கு அடித்துக்கொள்வார்கள். ஒரு பயணத்தில் நான் அம்மாவின் பெயரை எழுதி இறக்கினேன். ஊருக்கு வந்து கொடுத்தபோது அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத்தனை தூரம் போயி இதுதான் கெடச்சுதா" என்று சொல்லி உள்ளே எடுத்துப் போய்விட்டாள்.

அந்த வருஷ நவராத்திரிக்கு லீவில் வந்திருந்தேன். தில்லைநகரிலிருந்து ஒரு மாமி கொலு பார்க்க வருவதாகப் போன் வந்தது. சோழியன் குடுமி சும்மா ஆடுமா? மாமி தன் பிள்ளைக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார். அப்பா வீட்டுக்கே ஒத்திகை வைத்தார்.

"கப்பல் பேச்சே எடுக்கப்படாது. கல்யாணம் ஆனப்பறம் பக்குவமா சொல்லிக்கலாம்."

அடுத்த மாதம் நான் கப்பலேற வேண்டும். இந்தச் சம்பந்தம் கூடி வந்தால் அந்தப் பயணம் கிடையாது என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

மாமி வந்தார். என்னைப் பாடச் சொன்னார். பாடினேன். அதையும் தாங்கிக்கொண்டார். சுண்டலைப் பாராட்டினார். பிறகு எழுந்து போய்க் கொலுப்படிகளைப் பார்த்தவர், பள்ளிகொண்ட பெருமாள் பொம்மைக்கு முன்னால் குனிந்தார்.

"இந்தக் குட்டிக் கிண்ணம் எத்தனை அழகா இருக்கு. மலைக்கோட்டை கடைவீதில வாங்கினேளா?"

எட்டிப் பார்த்தேன். என் கப். அம்மா அதை அங்கே வைத்திருந்தது எனக்கே தெரியாது. அப்பா அவசரமாக "ஆமா, ஆமா" என்றார்.

"வாங்கலை" என்றாள் அம்மா. "எம்பொண்ணு கடலுக்கு அடில அனுப்பி எடுத்துண்டு வந்தது. மூணு கிலோமீட்டர். பெரிய கப்பா இருந்தது, தண்ணி அமுக்கின அமுக்குல இப்படி ஆயிடுத்து. அதுல இருக்கறது என் பேரு."

மாமி நிமிர்ந்தார். "ஆபீஸ்னுன்னா போட்டிருந்தேள்?"

"ஆபீஸும் உண்டு. கப்பல்லயும் போவா. அடுத்த மாசம்கூடப் போறா."

மாமி வெற்றிலைபாக்கு வாங்கிக்கொண்டு, "ஆத்துல கலந்துண்டு சொல்றோம்" என்று கிளம்பினார். அப்படிப் போனவர்கள் யாரும் எங்களுக்குப் போன் செய்ததில்லை.

வாசல் கேட் சாத்தியதும் அப்பா, "ஏண்டி இப்படிப் பண்ணினே?" என்றார். அவர் குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் இருந்தது. அம்மா கப்பை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்து மறுபடி பெருமாள் முன்னால் வைத்தாள். என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"ஒத்தையா வெச்சா நன்னா இல்லை. அடுத்த மாசம் போறச்சே இன்னொண்ணு பண்ணிண்டு வா. அப்பா பேரை எழுது."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படியே சொன்னார்.

"இனிஷியலோட எழுது."